ஜன்னலோரத்தில் ஒரு நாற்றங்கால்: குறைந்த செலவில் வீட்டுக்குள் காய்கறி நாற்று

2023 ஜூலை மாதத்தை நம் வீட்டுப் பெண்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. கிலோ 60 ரூபாய்க்கு நியாய விலைக் கடைகளில் தக்காளி விற்க அரசே ஏற்பாடு செய்ய வேண்டிய நிலை வந்தது. மாதச் சம்பளத்தில் வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு போக மீதியில் சமையலை நடத்தும் குடும்பத்துக்கு, காய்கறி விலை ஏறுவது என்பது செய்தித்தாளில் படித்துவிட்டுக் கடந்து போகும் விஷயமல்ல. தட்டில் உள்ளது குறைகிறது என்றே அதற்குப் பொருள்.

அப்படி விலை ஏறும்போதெல்லாம் "நாமே நாலு செடி வைத்தால் என்ன?" என்ற எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. விதை வாங்குகிறோம், பை வாங்குகிறோம், மொட்டை மாடியில் மண் நிரப்பி விதையையும் தூவிவிடுகிறோம். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் பையில் காய்ந்த மண்தான் இருக்கிறது. "நமக்குக் கைராசி இல்லை" என்று விட்டுவிடுகிறோம்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பெரும்பாலான வீட்டுத் தோட்டங்கள் முதல் 25 நாட்களிலேயே தோற்றுப்போகின்றன. அந்த 25 நாட்களையும் வீட்டுக்குள், ஒரு ஜன்னலோரத்தில், மிகக் குறைந்த செலவில் எப்படிக் கடப்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

டெல்டா விவசாயிக்குத் தெரிந்த பாடம்

நாம் வாழும் திருச்சி காவிரி டெல்டாவின் தலைவாசல். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் ஒரு தீவாக நிற்கிறது. இந்த மண்ணின் விவசாயி நெல்லை என்ன செய்கிறார்? மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும். அந்தத் தண்ணீரை எதிர்பார்த்துக் குறுவைக்கு ஒரு சிறு மூலையில் நாற்று விடுகிறார். கொஞ்சம் இடம், கொஞ்சம் தண்ணீர், அதிகக் கவனம். நாற்று தேறிய பிறகே அதைப் பிடுங்கிப் பெரிய வயலில் நடுகிறார்.

ஏன் இந்தச் சிரமம்? குழந்தைப் பருவத்தில் செடிக்குத் தேவைப்படுவது பரந்த இடமல்ல, பாதுகாப்பு. ஒரு ஏக்கர் முழுவதையும் கண்காணிப்பதைவிடச் சில சென்ட் இடத்தைக் கண்காணிப்பது எளிது. காய்கறிக்கும் இதே கணக்குதான். நாற்பது தக்காளி நாற்றுகளை ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள இடத்தில் முளைக்க வைத்துவிடலாம். அதே நாற்பதைப் பைகளில் நேரடியாக விதைத்தால் நாற்பது பைக்கு மண்ணும் தண்ணீரும் தேவை. அவற்றில் எத்தனை முளைக்கும் என்பதும் தெரியாது.

திருச்சியில் ஏன் வீட்டுக்குள்?

குளிர் நாடுகளில் வெளியே பனி உறைந்திருப்பதால் வீட்டுக்குள் நாற்று வளர்க்கிறார்கள். சூடேற்றும் விரிப்பு, தனி விளக்கு என்று அதற்கு ஏகப்பட்ட சாதனங்கள் வாங்குகிறார்கள். அவர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் சிலர் அவற்றை இணையத்தில் தேடுகிறார்கள். நமக்கு அது வீண் செலவு. தக்காளி விதை நன்றாக முளைக்க 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். அந்த வெப்பத்தைத் திருச்சி வீடுகள் இலவசமாகவே தருகின்றன.

நம் பிரச்சினை வேறு. தக்காளிக்கு விதைப்புப் பருவமாக மே-ஜூன் மாதங்களையும் நவம்பர்-டிசம்பர் மாதங்களையும் சொல்கிறார்கள். மே மாதத்தில் நம் மொட்டை மாடி எப்படி இருக்கும்? வெப்பம் 40 டிகிரியைத் தொடுவது திருச்சிக்குப் புதிதல்ல. சிமெண்ட் தளத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. ஒரே இரவு மழை மேல்மண்ணோடு விதையையும் அடித்துச் சென்றுவிடும். விதைக்க வேண்டும் என்று நாட்காட்டி சொல்லும் அதே நாட்களில்தான் நம் மாடி விதைக்கு விரோதமாக இருக்கிறது. போதாக்குறைக்கு முளையைக் கிள்ள அணிலும், மண்ணைக் கிளறப் புறாவும் மைனாவும் வருகின்றன.

வீட்டுக்குள்ளோ அதே மே மாதத்தில் நிழல், அதே நவம்பரில் கூரை. இதுதான் காரணம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. மாடியைப் பயன்படுத்த வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். ஜன்னல் திட்டில் ஒரு தட்டு வைக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

எதை நாற்று விடலாம், எதை விடக்கூடாது?

எல்லா விதையையும் நாற்று விடக்கூடாது. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் நாற்று விட்டு நடுவதற்கென்றே அமைந்தவை. இவற்றின் விதை சிறியது, முளை மென்மையானது. பிடுங்கி நட்டாலும் வேர் மீண்டும் பிடித்துக்கொள்ளும்.

வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கி, கீரை, கொத்தமல்லி போன்றவற்றை நேரடியாகவே விதைக்க வேண்டும். இவற்றின் ஆணிவேர் அசைக்கப்படுவதை விரும்பாது. முள்ளங்கியைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணலாகும். பாகல், புடலை, சுரை போன்ற கொடிகளை நாற்றாக்கியே ஆக வேண்டும் என்றால், பையோடு மண் கலையாமல் எடுத்து நட வேண்டும்.

முதல் முறை செய்பவர்கள் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

விதை: பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பொட்டலத்தின் முன்பக்கம் இருக்கும் பளபளக்கும் படத்தைப் பார்த்து வாங்குகிறோம். தேவையான செய்தி பின்பக்கத்தில் இருக்கிறது. பரிசோதனை செய்த தேதி, காலாவதி தேதி, முளைப்புத் திறன் ஆகியவற்றைப் பாருங்கள். இந்தியச் சான்று விதைத் தரத்தின்படி தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 70 சதவீதம், மிளகாய்க்கு 60 சதவீதம். அதாவது நல்ல விதையிலேயே பத்துக்கு மூன்று நான்கு முளைக்காமல் போகலாம். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் மனம் சோர்ந்துபோகாது.

வீட்டில் பழைய விதை இருந்தால் எறியவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். பத்து விதைகளை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி, ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். தினமும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நாளில் ஆறேழு முளைத்தால் விதைக்கலாம். இரண்டு மூன்றுதான் முளைக்கிறது என்றால் அந்த விதைக்காகக் கலவையை வீணாக்க வேண்டாம்.

ரகமா, ஒட்டுரகமா என்ற கேள்வி அடுத்து வரும். ஒட்டுரகம் அதிகம் காய்க்கும். ஆனால் அதன் பழத்திலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல் வராது. ஒவ்வொன்றும் ஒரு விதமாகப் போகும். பெரியகுளத்தில் வெளியிடப்பட்ட பி.கே.எம்.1 தக்காளி போன்ற ரகங்களில் விதையை நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம். சிக்கனம் பார்க்கும் குடும்பத்துக்கு ரகமே ஏற்றது. ஒரு முறை வாங்கினால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. சில விதைகள் இளஞ்சிவப்பு, பச்சை போன்ற நிறம் பூசி வரும். அது பூஞ்சணக் கொல்லி மருந்து. குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

எதற்குச் செலவு செய்வது, எதற்கு வேண்டாம்?

வாங்க வேண்டியவை மூன்றுதான். விதை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, மண்புழு உரம்.

நார்க்கழிவில் பலரும் 5 கிலோ கட்டியை வாங்கிவிடுகிறார்கள். அது ஊறினால் 60 லிட்டருக்கு மேல் வரும். நாற்றுக்கு அவ்வளவு தேவையே இல்லை. கணக்குப் பாருங்கள். ஒரு நாற்றுக்கு 100 மி.லி. கலவை போதும். நாற்பது நாற்றுக்கு 4 லிட்டர். 650 கிராம் எடையுள்ள சிறிய கட்டி ஒன்று ஊறினால் ஏறத்தாழ 8 லிட்டர் வரும். அதில் பாதிகூடச் செலவாகாது. மீதியை உலர்த்தி அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

தொட்டிக்குப் பதில் வீட்டில் சேரும் பொருட்களே போதும். அரை லிட்டர் பால் கவரைக் கழுவி, மேல்பாதியை வெட்டிவிட்டு, அடி மூலைகள் இரண்டையும் கத்தரித்தால் தண்ணீர் வடியும் நாற்றுப் பை தயார். காகித முட்டை அட்டையில் விதைகளை முளைக்க வைக்கலாம். கண் துளைத்த கொட்டாங்கச்சியும் நல்ல தொட்டிதான். ரமலானில் பேரீச்சம்பழம் வந்த ஒளி ஊடுருவும் மூடி போட்ட டப்பா இருந்தால் எடுத்து வையுங்கள். முளைக்கும் வரை ஈரத்தைக் காக்க அதைவிட நல்ல சாதனம் கடையில் இல்லை. பூச்சு போட்ட காகிதக் கப்புகளை இதற்கென்று புதிதாக வாங்க வேண்டாம். தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய தேநீர்க் கப்பும் ஒன்று.

விளக்கு, சூடேற்றி, வேர் வளர்ச்சி மருந்து, வண்ணத் தொட்டி, இவை எதுவும் தொடக்கத்தில் தேவையில்லை.

கலவை தயாரிப்பது

வாசல் மண்ணை அள்ளி நிரப்பாதீர்கள். அது இறுகிப்போகும், நோய்க் கிருமியும் இருக்கும்.

நார்க்கழிவுக் கட்டியை வாளியில் ஊற வையுங்கள். ஊறிய பிறகு துணியில் போட்டுப் பிழியுங்கள். மீண்டும் தண்ணீர் ஊற்றிப் பிழியுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை. நார்க்கழிவில் உப்பு இருக்கும்; அலசாமல் பயன்படுத்தினால் முளையின் நுனி கருகும். பலர் தாண்டிப்போகும் படி இதுதான். பிழிந்த தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் வாசல் தெளிக்கப் பயன்படுத்தலாம்.

அலசிய நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. கிடைத்தால் ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி. இது தீய பூஞ்சணத்தைத் தின்னும் நல்ல பூஞ்சணம். கலவையைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. அதுவே சரியான ஈரம்.

விதைப்பும் முளைப்பும்

பையில் கலவையை நிரப்பி, சுண்டுவிரல் நுனியால் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி செய்து, இரண்டு விதை போட்டு, மெல்ல மூடுங்கள். விதையின் பருமனைப் போல இரு மடங்கு ஆழம் என்பது பொது விதி. ஆழமாகப் புதைத்தால் முளை மேலே வரும் முன்பே அதன் சேமிப்பு உணவு தீர்ந்துவிடும்.

மூடி போட்டு நிழலில் வையுங்கள். முளைக்கும் வரை வெளிச்சம் தேவையில்லை. ஈரமும் காற்றும் வெப்பமும் போதும். தக்காளி ஐந்து முதல் ஏழு நாளில் எட்டிப் பார்க்கும். கத்தரிக்குப் பத்து நாள் வரை ஆகும். மிளகாய் இன்னும் நிதானமானது. இரண்டு வாரம் பொறுத்திருங்கள். "முளைத்ததா?" என்று விரலால் தோண்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

முதல் முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும். அன்றிலிருந்து வெளிச்சமே முதல் தேவை.

வெளிச்சம்: வெற்றி தோல்வியை முடிவு செய்வது இதுதான்

வெளிச்சம் போதாத முளை என்ன செய்யும்? வெளிச்சத்தைத் தேடி நூல் போல உயர்ந்து, வெளிறி, சாய்ந்துவிடும். "ஆஹா, வேகமாக வளர்கிறதே" என்று நாம் மகிழ்வோம். உண்மையில் அது தவிக்கிறது. குட்டையாக, தண்டு தடித்து, இலை கரும்பச்சையாக இருப்பதே நல்ல நாற்று.

ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதி, உத்திர வீதி போன்ற பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, முகப்பு குறுகி, உள்ளே நீண்டு போகும். பக்கவாட்டில் ஜன்னல் இருக்காது. அங்கே வெளிச்சம் வாசலிலும் முற்றத்திலும் கொல்லைப்புறத்திலும்தான். முற்றம் வைத்த வீட்டில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். நாற்றுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பாலக்கரை, உறையூர், தென்னூர் பக்கத்து லைன் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் கிழக்கு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். ஃபஜ்ருக்குப் பின் ஏறிவரும் இளவெயில் நாற்றுக்கு உணவு. மேற்கு ஜன்னலில் விழும் பிற்பகல் வெயில் கருக்கிவிடும். அங்கு வைப்பதானால் ஒரு பழைய வெள்ளைத் துணியைத் திரையாகத் தொங்கவிடுங்கள்.

இடம் சரியா என்று அறிய எளிய வழி உண்டு. காலை பத்து மணிக்கு ஒரு வெள்ளைத் தாளை அங்கே விரித்து, மேலே ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்களின் நிழல் தெளிவாக விழுந்தால் போதுமான வெளிச்சம் உண்டு. மங்கலாக விழுந்தால் போதாது.

போதாத வீடுகளில் பின்பக்கம் ஒரு அட்டையில் அலுமினியத் தாள் ஒட்டி நிறுத்தினால் வெளிச்சம் திரும்பி விழும். அதுவும் போதாவிட்டால் வீட்டில் உள்ள 9 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பை நாற்றுக்கு அரை அடி உயரத்தில் தொங்கவிடலாம். தினம் 12 மணி நேரம் எரித்தாலும் 25 நாளைக்குச் சுமார் 3 யூனிட்தான். மின் கட்டணத்தில் இது பெரிய சுமையல்ல. தண்ணீர் படாத இடத்தில் ஒயரை வைப்பதும், இரவில் அணைப்பதும் முக்கியம். செடிக்கும் ஓய்வு வேண்டும்.

தண்ணீர்: அன்பு அதிகமானாலும் ஆபத்து

நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று காலை அடித்தண்டு நைந்து, படுத்துக் கிடக்கும். இதற்கு நாற்றழுகல் என்று பெயர். மண்ணில் வாழும் நுண்கிருமிகளால் வருவது. அதிக ஈரம், நெருக்கம், காற்றோட்டமின்மை மூன்றும் சேர்ந்தால் ஒரே இரவில் பரவும். வந்த பிறகு விழுந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை. வராமல் தடுப்பதே வழி.

தண்ணீரை மேலிருந்து ஊற்றாதீர்கள். நாற்றுப் பைகளை ஒரு தட்டில் வைத்து, தட்டில் அரை அங்குலம் தண்ணீர் ஊற்றுங்கள். கால் மணி நேரத்தில் கலவை தேவையானதை உறிஞ்சிக்கொள்ளும். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மேற்பரப்பு காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். மாலையைவிடக் காலையே நல்லது. அரிசி கழுவிய நீர், டீத்தூள் போன்றவை வளர்ந்த செடிக்கு ஆகலாம். முளைக்கு வேண்டாம், பூஞ்சணத்துக்கும் கொசு போன்ற சிறு ஈக்களுக்கும் அவை விருந்து.

இரண்டு முளையும் தேறினால் பலவீனமானதைப் பிடுங்காமல், பக்கத்து நாற்றின் வேர் அசையாதபடி கத்தரியால் நறுக்கிவிடுங்கள்.

வெயிலுக்குப் பழக்குவது

வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை ஒரே நாளில் மாடிக்கு ஏற்றினால் இலை வெளுத்துக் கருகும். நிழலில் வளர்ந்த பிள்ளையை நடுவெயிலில் நிறுத்துவது போலத்தான் அது. ஒரு வாரம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு நாள் காலையில் ஒரு மணி நேரம். அடுத்த இரண்டு நாள் இரண்டு மணி நேரம். பிறகு காலை முழுவதும். கடைசியில் அஸர் வரை வெளியே வைத்து உள்ளே எடுங்கள். இந்த வாரத்தில் தண்ணீரைச் சற்றுக் குறைத்தால் தண்டு உறுதிப்படும்.

தக்காளி 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்குத் தயாராகும். மாலையில் நடுங்கள். இரவு முழுவதும் வேர் ஓய்வெடுத்து மறுநாள் வெயிலைச் சந்திக்கும். தக்காளியை மட்டும் தண்டு பாதி புதையும்படி ஆழமாக நடலாம். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும்.

உண்மையான கணக்கு

"மாடித்தோட்டம் போட்டால் காய்கறிக் கடைக்கே போக வேண்டாம்" என்று சிலர் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். ஒரு தக்காளிச் செடி நல்ல கவனிப்பில் ஒரு பருவத்துக்கு ஒன்றிரண்டு கிலோ தரும். ஆறு செடி வைத்தால் ஒரு குடும்பத்தின் தேவையில் ஒரு பகுதிதான் நிறையும். மிளகாயின் கணக்கு வேறு. நாலு செடி இருந்தால் பச்சை மிளகாய் வாங்கும் செலவு பெருமளவு குறையும். கத்தரியும் பல மாதம் காய்க்கும். எனவே இடம் குறைவாக இருந்தால் மிளகாய்க்கு முதலிடம், கத்தரிக்கு அடுத்தது, தக்காளிக்கு மூன்றாவது.

அரசும் இதற்கு உதவுகிறது. 2013-இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டத்தில் செடி வளர்க்கும் பை, நார்க்கழிவு, விதை, உயிர் உரம் அடங்கிய தொகுப்பு மானிய விலையில் தரப்பட்டது. இப்போது எந்தத் தொகுப்பு, என்ன விலையில் கிடைக்கிறது என்பதைத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். சந்தேகம் கேட்க நமக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாவலூர் குட்டப்பட்டில் அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியும் மகளிர் தோட்டக்கலைக் கல்லூரியும் இருக்கின்றன. சிறுகமணியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நோயுற்ற நாற்றை ஒரு பையில் எடுத்துப் போய்க் காட்டினால் காரணம் சொல்வார்கள்.

ஒரு பொட்டலம், பத்து வீடு

ஒரு கிராம் தக்காளி விதையில் ஏறத்தாழ 300 விதை இருக்கும். ஒரு வீட்டுக்குத் தேவை பத்து. மீதி அலமாரியில் கிடந்து முளைப்புத் திறனை இழக்கிறது. இதுதான் வீண்விரயம்.

இதற்குப் பதில் ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் என்ன? ஒருவர் தக்காளி, ஒருவர் கத்தரி, ஒருவர் மிளகாய் என்று ஆளுக்கொன்று வாங்கி, எண்ணிப் பகிர்ந்துகொண்டால் செலவு பத்தில் ஒன்றாகும். வெளிச்சமான ஜன்னல் உள்ள வீட்டார் எல்லோருக்கும் நாற்று வளர்க்கட்டும். மாடி உள்ளவர் நடட்டும். வெளியே செல்ல இயலாத முதியவர் தட்டில் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஏற்கட்டும். மஹல்லாவில் ஜமாஅத் நிர்வாகம் மனம் வைத்தால் ஒரு பருவத்துக்கு ஒரு முறை நாற்றுப் பகிர்வு நடத்துவது பெரிய காரியமல்ல. அண்டை வீட்டார் யாராக இருந்தாலும், எந்தச் சமயத்தவராக இருந்தாலும், இரண்டு மிளகாய் நாற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். அடுத்த மாதம் அந்தச் செடி பூத்த செய்தியைச் சொல்ல அவர்களே நம் கதவைத் தட்டுவார்கள்.

விலை ஏறும் நாளில் புலம்புவதைவிட, விலை ஏறுவதற்கு மூன்று மாதம் முன்பே பத்து விதையை ஈரத்தில் வைப்பது மேல். வரும் பருவத்துக்கு ஒரு பால் கவரைக் கழுவி எடுத்து வையுங்கள். அங்கிருந்து தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.